குதிகால் ஏழு முறை

சிங்கப்பூரில் பொழுது ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறரை மணிக்கு எங்கள் தோ பாயோ புளோக்கின் கீழ்த்தளத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பார்கள். பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். தூணோரம் ஒரு சிறிய ஒலிபெருக்கி. அதில் புல்லாங்குழலும் ஒரு பெண்ணின் குரலும். குரல் சொல்லச் சொல்ல அத்தனை கைகளும் ஒன்றாக மேலே எழும், எதையோ தாங்கி நிற்கும், மெல்ல இறங்கும். பத்தொன்பது ஆண்டுகள் நான் இவர்களைக் கடந்து ரயில் நிலையத்துக்கு ஓடியிருக்கிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

நிற்க வைத்தது என் வலது முழங்கால். அம்மாவை நான்கு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தூக்கி உட்கார வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, இரவில் மூன்று முறை எழுவது. அவர் போன பிறகு முழங்கால் வலியும் தூக்கமில்லாத இரவுகளும் என்னிடம் தங்கிவிட்டன. மூட்டுத் தேய்மானம், எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். நடந்தால்தான் வலிக்கிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்போது எனக்கு வயது 56.

மூன்றாம் மாடி ஆ சிம்தான் மின்தூக்கியில் என் நடையைக் கவனித்துக் கேட்டார். ஆ சிம் என்றால் ஹொக்கியன் மொழியில் சித்தி. வயதில் மூத்த சீனப் பெண்களை இங்கே அப்படி அழைப்பதுண்டு. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. எங்களுக்குள் ஓடுவது சந்தை மலாய். "சாக்கிட்?" என்று என் முழங்காலைக் காட்டினார். வலிக்கிறதா என்று பொருள். ஆமாம் என்றேன். "பெசொக் பாகி," என்று விரலால் கீழே காட்டினார். நாளைக் காலை.

மறுநாள் நான் போகவில்லை. சீன மருத்துவம் என்றால் காசு கொடுத்து வாங்குவது என்று நினைத்திருந்தேன். கீழ்த்தளத்தில் கை தூக்குவது முதியவர்களின் பொழுதுபோக்கு. மருந்து கடையில் இருக்கும். ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கோஜிப் பழமும் காய்ந்த செவ்வந்திப் பூவும் ஜின்செங் வேரும் கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கிய அழகான கடை. முழங்கால் என்றதும் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கறுப்பு உருண்டைகள். உறையில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லை. விலை 68 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

மூன்றே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. நான் அழுதேவிட்டேன். ஏழு வாரம் விடாமல் சாப்பிட்டேன். பசி பெருகியது, முகம் உப்பியது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது. பலதுறை மருந்தகத்து மருத்துவர் உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று சொல்லி, பல வாரங்கள் எடுத்துப் படிப்படியாக என்னை அதிலிருந்து மீட்டார். இப்படிப்பட்ட கலப்படங்களைப் பற்றி இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை வெளியிட்டு வருவது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

மூலிகைதானே, கெடுதல் என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்வது வழக்கம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மருந்து எடுத்துக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதானது. 'ஃபாங் ஜி' என்ற பெயர் சீன மருந்துச் சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களுக்கு வழங்குகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விட்டது. தவறிப் போன வேரில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்தது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் நாட்டு மருந்தில் வரும் ஆடுதின்னாப்பாளை அதே இனத்துச் செடிதான். ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே சொல்லிவைத்தவர்கள் நம் முன்னோர்.

இதற்காகச் சீன மருத்துவம் முழுவதையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் சித்த மருத்துவத்தைப் போலவே அதுவும் பல நூறு ஆண்டுகள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் அங்கிருந்துதான் வந்தது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், சிங்ஹாவ் என்னும் செடியை ஒரு கைப்பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று ஒரு குறிப்பு உண்டு. கொதிக்க வை என்று அதில் இல்லை. அந்த ஒரு வரி சீன அறிவியலாளர் து யூயூவுக்கு வழி காட்டியது. குறைந்த வெப்பத்தில் சாரத்தைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழைய வரியை நம்பினார், ஆனால் சோதித்துப் பார்த்த பிறகே மருந்து என்றார். என் உருண்டைக்கும் அந்த மருந்துக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான், ஆனால் அது பெரிய தூரம்.

அடுத்து நான் போன இடம் ஒரு அறக்கட்டளை நடத்தும் மருந்தகம். இந்த ஊரில் அது பழைய மரபு. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் இலவசமாக நோய் பார்ப்பதைக் கொள்கையாகவே வைத்தது. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு, அக்குபங்சர் செய்கிறவரும் சீன வைத்தியரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் தடவை நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

அங்கே இருந்த வைத்தியர் நடுவயதுப் பெண். முதலில் வெறுமனே பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். குரலைக் கேட்டார். எப்போது தூங்குகிறாய், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, கால் குளிர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் மணிக்கட்டைப் பிடித்தார். பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொடுவது: அந்த நான்கும் முடிந்த பிறகுதான் மருந்து. அவருடைய மூன்று விரல்கள் என் மணிக்கட்டில் உட்கார்ந்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. எங்கள் ஊர் நாடி வைத்தியரும் அதே மூன்று விரல்களைத்தான் வைப்பார். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். இவர்களுக்கு இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். மெல்லத் தொட்டால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று. கணக்கு வேறு. ஆனால் விரலின் பொறுமை ஒன்றுதான். நான்கு ஆண்டுகளில் யாரும் என் கையை இவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை.

ஊசி வலிக்கவில்லை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி அது. இறங்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு ஊறல் எழும். அதற்கு 'தே சீ' என்று பெயர், சீ, அதாவது உயிராற்றல், வந்து சேர்ந்தது என்று அர்த்தம். சில நாள் மாசிப்பத்திரி இலையைத் திரித்துக் கொளுத்தி, தோலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துச் சூடு காட்டுவார். அந்தப் புகை வாசனை மூன்று நாள் சட்டையில் இருக்கும். ஊசியும் இந்தச் சூடும் சேர்ந்ததுதான் சீனர்கள் சொல்லும் 'ஜென் ஜியூ'. 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியதும் இந்த இரட்டைதான். அரை மணி நேரம் ஊசிகளோடு படுத்திருப்பேன். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ குறட்டை விடுவார்கள். வலி குறைந்தது. உண்மையாகவே குறைந்தது.

ஆனால் ஏன் குறைந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். ஒரு குழுவுக்கு முறைப்படி ஊசி. இன்னொரு குழுவுக்கு அக்குபங்சர் புள்ளிகள் இல்லாத இடங்களில் ஆழமில்லாமல் குத்திய போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் முதல் குழுவில் 47.6 விழுக்காடு, போலி ஊசியில் 44.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. ஊசி எந்த இடத்தில் இறங்குகிறது என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் எந்த ஊசியுமே வழக்கமான சிகிச்சையை வென்றுவிட்டது.

இதைப் படித்து ஏமாற்றம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு எதையோ காட்டியது. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். கைப்பேசி பையில் இருந்தது. ஒருவர் என் உடம்பைக் கவனித்துத் தொட்டார். நானும் என் முழங்காலை வலியாக மட்டும் இல்லாமல் கனமாக, சூடாக, ஊறலாக உணர்ந்தேன். குணமானதில் இதற்குப் பங்கு இருக்குமானால் அதை நானே தினமும் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கீழ்த்தளத்துக்குப் போனேன். ஆ சிம் தன் பக்கத்தில் இடம் காட்டினார். ஆறு மாதம் தாமதமாக வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் செய்வது பா துவான் ஜின். எட்டுத் துண்டுச் சரிகைப் பட்டு என்று பொருள். எட்டு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு எழுத்தில் ஒரு வரி, எல்லாம் மனப்பாடமாகப் பாடலாம். முதல் வரி: இரு கைகளால் வானைத் தாங்கு, மூன்று அடுப்புகளும் சீராகும். அந்த மூன்று அடுப்பு, சான் ஜியாவ், உடலைத் திறந்து பார்த்தால் கிடைக்கும் உறுப்பு இல்லை. பழைய சீன மருத்துவ நூலே அதற்குப் 'பெயர் உண்டு, உருவம் இல்லை' என்கிறது. இரண்டாவது, கழுகை எய்வதுபோல் இடமும் வலமும் வில்லை இழுப்பது. மூன்றாவது, ஒரு கை மேலே, ஒரு கை கீழே, வயிற்றுக்காக.

நான்காவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். காலை ஊன்றி, உடலைத் திருப்பாமல், தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பது. அவ்வளவுதான். 'ஐந்து தேய்வுகளும் ஏழு காயங்களும் போகப் பின்னால் பார்' என்கிறது வரி. அந்த ஐந்து எவை என்பதற்கு மஞ்சள் பேரரசர் பெயரில் வழங்கும் பழைய சீன மருத்துவ நூலில் ஒரு பட்டியல் உண்டு. நெடுநேரம் பார்ப்பது ரத்தத்தைக் கெடுக்கும், நெடுநேரம் படுப்பது சீயைக் கெடுக்கும், நெடுநேரம் உட்கார்வது தசையை, நிற்பது எலும்பை, நடப்பது தசைநாரை. எதுவும் தீயது என்று அதில் இல்லை. ஒன்றையே நெடுநேரம் செய்வதுதான் தேய்க்கிறது. பகலெல்லாம் கணக்குத் திரையைப் பார்த்து, இரவெல்லாம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்த எனக்கு அந்தப் பட்டியலில் முதலும் மூன்றாவதும் அப்படியே பொருந்தின.

எட்டாவது எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. குதிகால்களை உயர்த்தி, ஒரு கணம் நின்று, பொத்தென்று தரையில் விடுவது. ஏழு முறை. 'முதுகுக்குப் பின் ஏழு குலுக்கு, நூறு நோயும் போகும்.' முதல் வாரம் என்னால் குதிகாலில் அழுத்தம் விழ விடவே முடியவில்லை; முழங்கால் பயந்தது. "பெலான், பெலான்," என்றார் ஆ சிம். மெதுவாக. இப்போது பொத்தென்று விடாதே, மெல்லத் தாழ்த்து; மூன்றாம் மாதம் விடு.

இந்தப் பயிற்சிகள் எவ்வளவு பழையவை என்று தேடியபோது கிடைத்த ஒரு படத்தை நான் மறக்க மாட்டேன். ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1970களில் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் வரைந்த 44 உருவங்கள். ஆண்கள், பெண்கள், இளையவர், முதியவர். ஒருவர் கையை விரிக்கிறார், ஒருவர் குனிகிறார், ஒருவர் கரடியைப்போல் அசைகிறார். அலங்காரம் இல்லை. எங்கள் கீழ்த்தளத்தில் யாரையாவது நிறுத்தி வரைந்தால் அப்படித்தான் இருக்கும்.

நான் இதைச் சொன்னால் நம் நண்பர்கள் சிலர் உடனே, காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் கற்றுக்கொடுத்ததுதானே என்பார்கள். ஆசையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் போதிதர்மர் சீனா போனதாகச் சொல்லப்படுவது ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில். அந்தப் பட்டு அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அவர் எழுதியதாகச் சொல்லும் பயிற்சி நூலும் 17ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வருகிறது என்பது ஆய்வாளர்கள் கண்டது. ஒன்றை மதிக்க அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஹுவா துவோ என்ற மருத்துவர் கி.பி. 208இல் இறந்தார். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்று ஐந்து விலங்குகளின் அசைவுகளைத் தன் மாணவர் வு பூவுக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர் சொன்னதை ஒரு வரலாற்று நூல் பதிந்திருக்கிறது: உடம்புக்கு உழைப்பு வேண்டும், ஆனால் எல்லை வரை தள்ளக் கூடாது; அசைந்துகொண்டே இருக்கும் கதவுக் குடுமி உளுத்துப்போவதில்லை. எங்கள் பழைய வீட்டில் குடுமிக் கதவு இருந்தது. மேலும் கீழும் இரண்டு முனைகள், கல்லில் குடைந்த குழியில் சுழலும். திறக்காமல் விட்ட பின்கட்டுக் கதவுதான் முதலில் உளுத்தது. வு பூ தொண்ணூறு வயதைத் தாண்டியும் கண், காது, பல் எல்லாம் நன்றாக இருக்க வாழ்ந்தார் என்கிறது அந்த நூல்.

இந்தியாவிலிருந்து அங்கே உண்மையில் போனது மூச்சு. பௌத்தர்கள் கொண்டுபோன, மூச்சைக் கவனிக்கும் தியானம். கி.பி. 148இல் லுவோயாங் நகருக்கு வந்த, பார்த்தியா என்ற பழைய ஈரானிய நாட்டுத் துறவி ஆன் ஷிகாவ் மொழிபெயர்த்தவற்றில் மூச்சை எண்ணுவதைப் பற்றிய சூத்திரமும் ஒன்று. இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று உலகம் முழுதும் சொல்லும் சொல்லின் மூலம் பாலியில் 'சதி'. சீனத்தில் அதற்கு 'நியென்'. ஆ சிம் ஞாயிறுதோறும் பிரைட் ஹில் கோயிலுக்குப் போகிறவர். அந்த எழுத்தை ஒரு நாள் தூணில் விரலால் எழுதிக் காட்டினார். மேற்பாதி 'இப்போது', கீழ்ப்பாதி 'நெஞ்சு'. மேற்பாதி ஒலிக்காகச் சேர்ந்தது என்று மொழியறிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு ஆ சிம் சொன்னதே போதுமாக இருந்தது.

அவரிடம்தான் நான்கு மூச்சுகளைக் கற்றேன். அது தியான்தாய் மலைத் துறவி ஜியியின் (538–597) பாடம். சத்தம் வருமானால் அந்த மூச்சு 'ஃபெங்', காற்று. சத்தமில்லை, ஆனால் தடங்கித் தடங்கி வந்தால் 'சுவான்', இரைப்பு. சத்தமும் தடங்கலும் இல்லை, ஆனால் நுண்மையாக இல்லையென்றால் 'சீ'. இழைபோலத் தொடர்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓடினால்தான் 'ஷி'. காற்றோடு உட்கார்ந்தால் மனம் சிதறும், இரைப்போடு உட்கார்ந்தால் முடிச்சு விழும், மூன்றாவதோடு உட்கார்ந்தால் களைப்பு வரும் என்கிறார் ஜியி. உட்காரும் முன் ஐந்தைச் சீராக்கு என்று இன்னொரு பாடம்: உணவு, தூக்கம், உடல், மூச்சு, மனம். மனம் கடைசியில்தான் வருகிறது. மனதை நிறுத்து, எண்ணத்தை நிறுத்து என்று சொன்ன கைப்பேசிச் செயலிகள் எல்லாம் எனக்கு ஏன் உதவவில்லை என்று அன்றுதான் புரிந்தது. தூங்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், முழங்கால் வலியோடு நான் நேராக மனதிடம் போயிருந்தேன்.

எட்டு அசைவுகளும் பதினைந்து நிமிடத்தில் முடியும். பிறகு பத்து நிமிடம் கல் இருக்கையில் உட்கார்ந்து மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவோம். ஆறாவது வாரம் ஒரு இரவு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். முழங்காலுக்குக் கூடுதல் காலம் எடுத்தது. பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், தைச்சி என்னும் மெதுவான சீனப் பயிற்சி, பன்னிரண்டு வாரத்தில், முறையான இயன்முறைச் சிகிச்சைக்கு இணையாக வலியைக் குறைத்தது. மனச்சோர்வைக் கூடுதலாகவே குறைத்தது. 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தைச்சியை அழுத்தமாகப் பரிந்துரைத்தது. நாங்கள் செய்வது தைச்சியின் உறவுதான், அதுவே இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது, ஐந்நூறுக்கும் மேல் வெள்ளி செலவழித்த பிறகு, காசில்லாத பாகத்துக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது என்று தெரிந்தது. மருத்துவர் தந்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கும் எங்கள் குழுவினர் ஒருவர் சூப்பில் 'தாங் குய்' வேர் போடுவதை விட்டுவிட்டார். அந்த இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். இப்படிப்பட்ட பேச்சும் கீழ்த்தளத்தில் நடக்கும்.

சென்ற மழைக்காலத்தில் ஆ சிம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 84. அறுவை முடிந்து வீடு வந்தவர் கீழே வர மறுத்தார். நிற்க முடியாதவள் எதற்கு என்றார். அப்போதுதான் நான் படித்து வைத்திருந்த ஒன்று உதவியது. பா துவான் ஜின் பற்றிக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று சோங் வம்சக் காலத்து எழுத்தாளர் ஹோங் மாய் எழுதியது. 1117இல் அரசவை அதிகாரி ஒருவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, உடலைத் தேய்த்துக்கொண்டு, பா துவான் ஜின் செய்தாராம். உட்கார்ந்துதான் செய்தார். எனக்குத் தெரிந்த மலாயில் இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆ சிம் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டுடுக்?" என்றார். உட்கார்ந்தா?

இப்போது அவருடைய சக்கர நாற்காலியைத் தூணோரம் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வானைத் தாங்குகிறார், வில்லை இழுக்கிறார். எட்டாவதில் நாற்காலியில் இருந்தபடியே குதிகால்களை ஓர் அங்குலம் தூக்கி விடுகிறார். ஏழு முறை. சில நாள் நான்கோடு நிறுத்திவிடுகிறார்.

இன்று காலை ஆறாவது அசைவில், பாதத்தைத் தொடக் குனிந்தபோது, என் மூச்சு அவருக்குக் கேட்டுவிட்டது. கண்ணைத் திறக்காமலே, "ஃபெங்," என்றார். இன்னும் மெதுவாக நிமிர்ந்தேன்.